பிக்கப்பில் பூட்டிய பனிக்கலப்பை

கலுமெட், மிச்சிகன்
அக்டோபர் 14, 1996

அன்புள்ள வெஸ்,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம். நீயும் அங்கே நெவாடாச் சுரங்கத்தில் உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் விடுதி நடையில் இருக்கும் அந்த ஒரே போனில் நான் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசினால், "பின்னால ஆள் நிக்கறாங்க ஐலா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

கிளாரன்ஸ் டிரெவாரோ தன் டிராக்டரை விற்றுவிட்டார். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு, குலுங்குகிற எதிலும் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இத்தனை வருஷமாக நம் மேட்டுப் பாதையில் பனி தள்ளிக் கொடுத்தவர் அவர்தானே. அரசாங்க வண்டி பெரிய சாலையோடு போய்விடும். அங்கிருந்து வீடு வரைக்கும் நம் பாடு.

எனக்காக மட்டும் என்றால் கவலைப்பட மாட்டேன். முழங்கால் பனியில் நடந்து இறங்கியாவது பள்ளிச் சமையலறைக்குப் போய்விடுவேன். உன் அப்பாவுக்கு ஆக்சிஜன் உருளை கொண்டுவருகிறாரே ஜெரால்டு, அவர் இப்போதே சொல்லிவிட்டார்: "பாதை திறந்திருந்தா மேல வருவேன். இல்லேன்னா ரோட்டோட திரும்பிடுவேன். கம்பெனி உத்தரவு, என்னைத் திட்டாதீங்க."

ஆகவே நீ விட்டுப்போன பிக்கப் வண்டியின் முகப்பில், பனியைத் தள்ள ஒரு பனிக்கலப்பை பூட்டியாக வேண்டும். பெல்லெக்ரினி கடையில் விசாரித்தேன். அவர் விலைப்பட்டியலை எடுக்கவில்லை. வண்டிக் கதவைத் திறந்து, நிலையில் ஒட்டியிருந்த சீட்டைத்தான் முதலில் படித்தார். முன் அச்சு எவ்வளவு பாரம் தாங்கும் என்று அதில் இருக்கிறதாம். "இது அரை டன் வண்டி. லேசான கலப்பைதான் ஆகும். பெரிசா மாட்டினா மூக்கு குத்தி நிக்கும்" என்றார். அவர் காட்டியது ஏழரை அடி அகலக் கலப்பை. இந்த வண்டிக்கென்றே செய்த தாங்கிச் சட்டத்தோடு வருகிறது. எதையும் வெட்ட வேண்டாம், துளைக்க வேண்டாம். பனி பிடிப்பதற்குள் பூட்டித் தர வேண்டுமானால் இப்போதே சொல்ல வேண்டும் என்கிறார்.

வண்டி உன்னுடையது. உன்னைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. உடனே எழுது.

உன் அப்பா சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: "அவன்கிட்ட பனியைப் பத்தி என்னத்தைக் கேக்கறே? அவன் மணல்ல நிக்கறான்."

உன் அன்பு மனைவி
ஐலா

*

எல்கோ, நெவாடா
அக்டோபர் 27, 1996

என் அன்பு ஐலா,

உன் கடிதம் கிடைத்தது. பெல்லெக்ரினி கடைப் பக்கமே போகாதே. அவன் கதவுச் சீட்டைப் படித்தே பிழைப்பவன்.

என்னோடு சுரங்கத்தில் வேலை செய்பவனுக்கு ஒண்டனாகனில் ஒரு சித்தப்பா மகன் இருக்கிறான். பெயர் டேல் ரஸ்கா. ஒரு டன் வண்டியிலிருந்து கழற்றிய எட்டடிக் கலப்பை அவனிடம் சும்மா கிடக்கிறது. கெட்டி இரும்பு. லேசான கலப்பை பனிமேல் மிதந்துகொண்டு போகும். கனமானதுதான் தரையைச் சுரண்டும். இது பனியில் பிறந்து வளர்ந்த உனக்குத் தெரியாததா? அவனே கொண்டுவந்து பூட்டிக் கொடுப்பான். எல்லாம் பேசிவிட்டேன். நீ அவனுக்கு வயிறார ஒரு சாப்பாடு போட்டால் போதும்.

அப்பாவைச் சிகரெட் பக்கம் போக விடாதே. இங்கே வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. ஒரு நாள் நீ பார்க்க வேண்டும்.

முத்தங்களுடன்,
வெஸ்

*

கலுமெட்
நவம்பர் 24, 1996

அன்புள்ள வெஸ்,

உன் டேல் ரஸ்கா வந்தான், சாப்பிட்டான், போனான். நான் சுட்ட இறைச்சிப் பாஸ்டி அத்தனையும் தீர்ந்தது. மற்றதைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

கலப்பையோடு வந்த தாங்கிச் சட்டம் நம் வண்டிக்கு உரியதல்ல. ஒரு துளையும் ஒத்துவரவில்லை. அவன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு வெளியே வந்து, "ஒண்ணும் பிரச்சினையில்ல அக்கா, கொஞ்சம் வெட்டணும்" என்றான். முன் பம்பரில் பாதியை வாயுத் தீயால் அறுத்தான். சேசிஸில் புதிதாகத் துளை போட்டான். துளை எட்டாத இடத்தில் இரும்புத் துண்டை வைத்துப் பற்றவைத்தான்.

உன் அப்பா மூக்கில் குழாயோடு ஜன்னலைத் திறந்து, "ஏம்ப்பா, வண்டியில கலப்பையை மாட்டறியா, கலப்பையில வண்டியை மாட்டறியா?" என்று கேட்டார். தீப்பொறி பறக்கும் இடத்தில் ஆக்சிஜனோடு தலையை நீட்டுகிறாரே என்று எனக்கு உயிரே போய்விட்டது. இழுத்து உள்ளே உட்கார வைத்தேன்.

மாட்டியாயிற்று. தூக்கும் விசையை அழுத்தினால் கலப்பை எழவில்லை, வண்டிதான் குனிந்தது. பின் சக்கரம் பிடிப்பில்லாமல் சுற்றுகிறது. பின்னால் மணல் மூட்டை போடச் சொன்னான், போட்டேன். அப்போதும் முன்பக்கம் தொங்கித்தான் கிடக்கிறது. கலப்பையைத் தூக்கினால் ஹெட்லைட் மறைகிறது. இறக்கினாலும் வெளிச்சம் வண்டியின் மூக்கடியிலேயே விழுகிறது. நான் வேலைக்குக் கிளம்புவது இருட்டில் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். பியூஸ் இரண்டு முறை போய்விட்டது. டேலுக்குப் போன் செய்தால் அவன் மனைவி, மான் வேட்டைக்குப் போயிருக்கிறான் என்கிறாள்.

முதல் பனி தள்ளினேன். நேராகப் போகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். திருப்பத்தில் ஸ்டீயரிங் ஒடிப்பதற்குள் கை கழன்றுவிடுகிறது. பள்ளியில் ஐம்பது கிலோ மாவைத் தனியாகப் பிசைகிறவள் நான், கைவலி என்று சாதாரணமாகச் சொல்ல மாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே. எனக்குக் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வருகிறாய் அல்லவா? வந்தால் நீயே இதைப் பார்த்துச் சரிசெய்துவிடுவாய். சௌனாவில் நீராவிக் குளியலுக்கு விறகு அடுக்கி வைத்திருக்கிறேன்.

உன் ஐலா

*

எல்கோ
டிசம்பர் 8, 1996

ஐலா,

நீ எதையும் பெரிதாக்குகிறாய். மணல் மூட்டையைப் பின் அச்சுக்கும் பின்னால், கடைசிக் கதவை ஒட்டிப் போடு. சாலையில் போகும்போது கலப்பையை ஒருபக்கமாகச் சாய்த்து வை. நேராகத் தூக்கி வைத்தால் ரேடியேட்டருக்குக் காற்றுப் போகாமல் எஞ்சின் கொதிக்கும். ஹெட்லைட்டை மேலே திருப்ப அடியில் ஒரு திருகாணி இருக்கிறது. ஊரில் எல்லாரும் பனி தள்ளுகிறார்கள், யாரும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு விடுப்பு இல்லை. பண்டிகை ஷிப்டுக்கு ஆள் குறைவு, நான் ஒத்துக்கொண்டுவிட்டேன். அதுதான் கலப்பை இருக்கிறதே, நான் வந்து என்ன செய்யப் போகிறேன்?

அப்பாவுக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன்.

வெஸ்

*

கலுமெட்
டிசம்பர் 30, 1996

வெஸ்,

காலுறை வந்தது. நன்றி.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஏரிப் பக்கமிருந்து பனி பிடித்தது. நிற்கவே இல்லை. உருளை வரும் நாள் அது. அப்பாவிடம் கடைசி உருளைதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் விடிந்ததிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தேன். நீ சொன்னபடியே மூட்டையைக் கடைசிக் கதவை ஒட்டித்தான் போட்டிருந்தேன்.

சாலைக்குக் கொஞ்சம் மேலே, ஓடைக்குழாய் குறுக்கே போகும் இடத்தில், கலப்பை உறைந்த கல்லில் இடித்தது. இடித்தால் முன்னால் மடங்கிக் கொடுக்க ஒரு ஸ்ப்ரிங் உண்டு அல்லவா? அது எத்தனை வருஷத் துருவோ, இறுகிப் போயிருந்தது. மடங்கவில்லை. வண்டி அப்படியே நின்றது, நான் நிற்கவில்லை. மார்பு ஸ்டீயரிங்கில் மோதியது, பல் பட்டு உதடு கிழிந்தது. டேல் பற்றவைத்த இடம் பிய்ந்து, தாங்கிச் சட்டம் ஒருபக்கம் தொங்க, வண்டி சறுக்கிப் பாதைக்குக் குறுக்கே அடைத்துக்கொண்டது. தள்ளிச் சேர்த்த பனியெல்லாம் அதன் கீழ்ப்பக்கம். நான் எழுந்து வெளியே வருவதற்குள் கீழே ஹாரன் சத்தம்.

ஜெரால்டு திரும்பிக்கொண்டிருந்தார். கத்திக்கொண்டு ஓடினேன். இடுப்பளவு பனியில் ஓடுவது என்று சொல்லக் கூடாது, நீந்தினேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து நிறுத்தினார். "அம்மா, வாயில ரத்தம் வருது" என்றார். உருளையைக் கொடுங்கள் என்றேன். சாலையோரத்தில் இறக்கி வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் போனார். பனி வாரும் பெரிய தள்ளுவாளியில் வைத்து, ஒவ்வொன்றாக, நானே மேலே இழுத்தேன்.

உன் அப்பா வாசலில் கோட்டோடு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், கீழே வண்டியைப் பார்த்தார். "பையன் அனுப்பின கலப்பை நல்லா ஆழமாத்தான் உழுதிருக்கு. உருளைக்கிழங்கு போட்டுடலாம்" என்றார். நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க மார்பு வலித்தது. பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

விலா எலும்பில் கீறல் மட்டும்தான் என்று டாக்டர் சொன்னார்.

பெல்லெக்ரினி வந்து வண்டியை இழுத்துப் போனார். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சேசிஸில் விரிசல். அதைச் சரிசெய்து, அந்த ஏழரை அடிக் கலப்பையைப் பூட்டச் சொல்லிவிட்டேன். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. உன் அலுமினியப் படகையும் மோட்டாரையும் அதற்கு ஈடாகக் கொடுத்துவிட்டேன். கோடைக்கு இங்கே யார் மீன் பிடிக்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எழுது.

ஐலா

*

எல்கோ
ஜனவரி 12, 1997

அன்பு ஐலா,

அடிபட்டதைக் கேட்டு மிகவும் வருத்தப்பட்டேன். நல்லவேளை. டேலைப் பிடித்து நன்றாகத் திட்டினேன்.

ஆனால் படகை விட்டுவைத்திருக்கலாம். புதுக் கலப்பையே தேவையில்லாத செலவு. உன்னிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டிலேயே நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நம் ஊர்ச் சுரங்கம் இனி திறக்கப் போவதில்லை, உனக்கும் தெரியும். இங்கே ஒரு வீடு பார்த்து, நவம்பர் நன்றி நாள் விடுமுறைக்கு முன்பே விடுதியைக் காலி செய்து குடிவந்துவிட்டேன்; உன் கடிதங்களை மட்டும் விடுதியில் போய் வாங்கிக்கொண்டேன். மாடிப்படி கிடையாது, அப்பாவுக்கு வசதி. இந்த ஒரு குளிர்காலத்தை ஓட்டினால் போதுமே என்றுதான் பழைய கலப்பையாகப் பார்த்தேன். அதற்குப் போய் இவ்வளவு.

வீட்டை விற்பனைக்குப் போடு. பிக்கப்பையும் கலப்பையோடு விற்றுவிடு, இப்போது நல்ல கிராக்கி இருக்கும். ஏப்ரலில் வந்து உங்கள் இருவரையும் அழைத்துக்கொள்கிறேன். இங்கே பனி என்பதே பெயருக்குத்தான். உனக்கு ஒரு நல்ல சேதியாக இருக்கட்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

ஆவலுடன்,
உன் வெஸ்

*

கலுமெட்
பிப்ரவரி 9, 1997

வெஸ்,

உன் கடிதத்தை உன் அப்பாவுக்கு உரக்கப் படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். "ஆகஸ்டா? ஆகஸ்ட்ல இங்க இருந்தானே. என் கூட உக்காந்து காப்பி குடிச்சானே" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

நான் நிறைய எழுதிக் கிழித்தேன். அதில் இருந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். என்னிடம் கேட்டிருந்தால் ஒருவேளை வந்திருப்பேன். இதை மட்டும் கிழிக்காமல் வைக்கிறேன்.

அப்பா வரமாட்டேன் என்கிறார். நானும் வரவில்லை. வீட்டை விற்கவில்லை. பிக்கப் என்னிடம்தான் இருக்கும். அதன் உரிமையை என் பெயருக்கு மாற்றி அனுப்பு.

புதுக் கலப்பை நன்றாக இருக்கிறது. வண்டி குனிவதில்லை. கலப்பைக்கென்று தனி விளக்கு மேலே வைத்திருக்கிறார் பெல்லெக்ரினி, பாதை முழுதும் தெரிகிறது. பனிமேல் மிதக்கும் என்றாயே, மிதக்கவில்லை. கிளாரன்ஸ் வீட்டுப் பாதையையும் நான்தான் தள்ளுகிறேன்.

நேற்று வண்டியை எடுக்கும்போது உன் அப்பா கோட்டும் தொப்பியுமாக வந்து கதவைத் தட்டினார். சின்ன உருளையை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே வரைக்கும் போய்த் திரும்பினோம். சாலை முனையில் நிறுத்தச் சொன்னார். இருபுறமும் பனிச்சுவர் எழும்பி, பாதை ஒடுங்கிக்கொண்டு வருவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவன் வரமாட்டான் இல்ல?"

"இல்லை" என்றேன்.

மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். "சரி. அப்ப அந்தச் சுவரை இன்னும் நல்லாப் பின்னால தள்ளும்மா. மார்ச் பனிக்கு இடம் வேணும்."

தள்ளினேன்.

ஐலா