கை தூக்கினால் அமைதி

ஸ்ரீரங்கம்,
11 ஆகஸ்ட் 2024

சீட்டுக் குலுக்கலில் கிடைத்த கூட்டாளி மாதவனுக்கு,

முரளிதரன் எழுதுவது. தலைமைப் பண்பு, பேச்சுத் திறன் என்று மூன்று நாள் நம்மைப் போட்டு வறுத்தெடுத்த விஜயராணி மேடம், போகிற போக்கில் இந்தக் கடித வேலையையும் தலையில் கட்டிவிட்டார். ஆறு வாரம், கையால் எழுதித் தபாலில் போட வேண்டும். போனில் ஒரு வார்த்தை கூடாது. நீ பிசிக்ஸ், நான் காமர்ஸ். இதற்கு முன்னால் உன்னைக் கேன்டீனில்கூடப் பார்த்த நினைவில்லை.

அந்தக் கை விஷயம் உன்னை ஒரு வழி செய்துவிட்டது, இல்லையா? தலைவன் கை தூக்கினால், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் கை தூக்கி வாயை மூட வேண்டும். கடைசியில் தூக்குகிறவன் நாற்காலி மேல் ஏறிப் பாட வேண்டும். முதல் நாள் நீ இரண்டு தடவை பாடினாய், பாவம். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் விளையாட்டுக்குத்தான் கை தூக்கினேன். நீயோ சாம்பார் சாதத் தட்டைத் தரையில் போட்டுவிட்டு முதல் ஆளாகக் கை தூக்கினாய்! குழுத் தலைவனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

'மனதில் பட்டதைச் சொல்' சுற்றில் நான் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. "மாதவன் மைக்கைப் பிடிச்சா சத்திரம் பஸ் ஸ்டாண்டுல துறையூர் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடற மாதிரி இருக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நீயும்தான் சிரித்தாய்.

பதில் போடு. போடாவிட்டால் மேடம் மார்க்கைக் குறைப்பார்.

அன்புடன்,
முரளி


பச்சைமலை அடிவாரம்,
15 ஆகஸ்ட் 2024

முரளிக்கு,

முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று மேடம் சொன்னார்கள். நலம்தானே?

நான் சிரிக்கவில்லை, பல்லைக் காட்டினேன். எங்கள் அப்பா சத்திரத்தில் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டவர். பதினோரு வருஷம் கூப்பிட்டார். தொண்டையில் புற்று வந்து போய்ச் சேர்ந்தார். உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் நாற்பது பேர் சிரித்தபோது எனக்கு அவரைப் பார்த்துச் சிரித்த மாதிரிதான் இருந்தது.

லீவுக்கு வந்த இடத்தில் இதை என் அண்ணன் சரவணனிடம் சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அண்ணன் லாரி ஓட்டுகிறவன். அவனுக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தான். "எந்த பஸ்ஸுல போறான்? ஆளைக் காட்டுடா" என்றான். முடியாது என்றேன். விட்ட அறையில் காது இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது. என் போனைப் பிடுங்கிப் பயிற்சியில் எடுத்த போட்டோவில் உன் முகத்தைப் பார்த்துவிட்டான்.

உனக்கு மூன்று தடவை போன் செய்தேன். "லெட்டர்ல எழுது, ரூல் ரூல்தான்" என்று மெசேஜ் போட்டுவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கொஞ்ச நாளைக்குச் சத்திரத்தில் நிற்காதே. பாலம் தாண்டி மாம்பழச்சாலையில் பஸ் ஏறிக்கொள். விளையாட்டாக நினைக்காதே, முரளி.

இப்படிக்கு,
மாதவன்


திருச்சி, மருத்துவமனை,
30 ஆகஸ்ட் 2024

மாதவன்,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை. உன் கடிதம் இருபதாம் தேதி வந்தது. என் தாடை பத்தொன்பதாம் தேதியே உடைந்துவிட்டது.

மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரம் இப்படித்தான். நாலு பல் போய்விட்டது. ஸ்ட்ராவில் கஞ்சி குடிக்கிறேன். இருமல் வந்தால் உயிர் போகிறது. பேச்சுப் போட்டிகளில் கோப்பை கோப்பையாக வாங்கியவன், தண்ணீர் வேண்டுமென்றால் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். அம்மா அதைப் படிக்க முடியாமல் அழுகிறாள்.

எனக்கு நினைவில் இருப்பதைச் சொல்கிறேன். நம் குழுவில் எட்டுப் பேர் பஸ்ஸுக்கு நின்றோம். உன் அண்ணன் ஜாக்கி ராடோடு வந்தான். முதல் அடி ரசூல் தோளில் விழுந்தது. பையன்கள் உன் அண்ணன் மேல் பாய்ந்து மூக்கை உடைத்தார்கள். யாரோ அவன் வயிற்றில் மிதித்தார்கள். பூக்காரம்மாவின் கூடை கவிழ்ந்து, மல்லிகைப் பூவெல்லாம் ரத்தமாகக் கிடந்தது. அப்போது நீ ஓடி வந்து, பின்னாலிருந்து உன் அண்ணன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாய். நன்றாகத்தான் பிடித்திருந்தாய். பிறகு விட்டாய். நீ விட்டதை நான் பார்த்தேன். அதற்கப்புறம் என் எலும்பு முறிகிற சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அண்ணன் என்றதும் ஆடிவிட்டது. போலீசுக்கு அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் முதல் குற்றவாளி, நீ இரண்டாவது. பிடித்துக்கொண்டு வேண்டுமென்றே விட்டவன் என்று எழுதியிருக்கிறேன். நீ உள்ளே போனால் எனக்குச் சந்தோஷம்தான்.

முரளிதரன்


பச்சைமலை அடிவாரம்,
24 செப்டம்பர் 2024

அன்புள்ள முரளிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஜெயிலில் இருபது நாள் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறேன். உன் கடிதம் இங்கே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

நான் விட்டது உண்மை, மறுக்கவில்லை. ஏன் விட்டேன் என்பதுதான் உனக்கு நினைவில்லை. நம் பையன்கள் "கொல்லுடா, கொல்லுடா" என்று கத்தினார்கள். அண்ணன் திமிறினான். நீ நடுவில் நின்று வலக்கையைத் தூக்கினாய். மேடம் சொல்லிக்கொடுத்த மாதிரியே, விரல்களைச் சேர்த்து, காதை ஒட்டி. மற்ற ஏழு பேரும் கை தூக்கினார்கள். கத்தல் சட்டென்று நின்றது. என் கையும் மேலே போயிருந்தது. அது போனது போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. பயிற்சிக்கு வராதவன் என் அண்ணன் ஒருவன்தானே? அவன் கை கீழே இருந்தது, அதில் ராடு இருந்தது.

அண்ணனைக் காப்பாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ராடை ஓங்கியது அவன்தான் என்று கோர்ட்டிலும் சொல்வேன். அதனால் அம்மா என்னோடு பேசுவதில்லை. ஆனால் வேண்டுமென்றே விட்டேன் என்று குற்றப்பத்திரிகையில் என் பெயர் ஏறினால் காலேஜை விட்டு நீக்கிவிடுவார்களாம். இப்போது சஸ்பெண்டில் இருக்கிறேன். அக்டோபர் பதினைந்துக்குள் தாக்கல் செய்வார்கள் என்று வக்கீல் சொல்கிறார். மற்றப் பையன்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அண்ணனை அடித்த கேஸ் தங்கள் மேல் திரும்பும் என்று பயப்படுகிறார்கள்.

நீ கை தூக்கினாய் என்பதை மட்டும் சொல், முரளி. எனக்கு அது போதும்.

மாதவன்


ஸ்ரீரங்கம்,
30 செப்டம்பர் 2024

மாதவன்,

கதை நன்றாக இருக்கிறது. வக்கீல் சொல்லிக்கொடுத்தாரா? அடி வாங்கினவன் தானே அடியை வரவழைத்துக்கொண்டான் என்கிறாய். எந்த முட்டாளாவது சண்டைக்கு நடுவில், பிடித்த பிடியை விட்டுவிட்டுக் கை தூக்குவானா?

கெஞ்சி எழுதுகிற கடிதத்தையாவது ஒழுங்காக எழுதியிருக்கலாம். கோழி கிளறின மாதிரி இருக்கிறது. இனிமேல் எழுதாதே. வந்தால் பிரிக்காமல் கிழித்துப் போடுவேன்.

முரளிதரன்


ஸ்ரீரங்கம்,
9 அக்டோபர் 2024

அன்புள்ள மாதவனுக்கு,

எழுதாதே என்று சொன்ன நானே எழுதுகிறேன். போன வாரம் கம்பியை எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை வாக்குமூலத்தில் ஒரு கையெழுத்து பாக்கி என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவோடு போனேன். உள்ளே வேறு ஏதோ இடத் தகராறு, ஒரே கூச்சல். நான் எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். இன்ஸ்பெக்டர் எழுந்து, "சத்தம் போடாதீங்க" என்று கையைத் தூக்கினார்.

எக்ஸ்ரே தரையில் விழுந்தது. என் கை மேலே இருந்தது.

ஸ்டேஷனே என்னைப் பார்த்தது. அப்பா, "என்னடா பண்றே, கையை இறக்குடா" என்றார். இறக்க முடியவில்லை, மாதவன். கையைப் பார்த்தபடி நின்றேன். மல்லிகைப் பூ, கத்தலின் நடுவில் சட்டென்று மூடிய ரசூலின் வாய், தூக்கிய கைகள், அவற்றுக்கு நடுவில் உன் கை எல்லாம் திரும்பி வந்தன. அந்தச் சாம்பார் சாதத் தட்டும் வந்தது. அதை என் கையாலேயே உனக்கு எழுதிச் சிரித்திருக்கிறேன். எந்த முட்டாள் என்று கேட்டேனே, அந்த முட்டாளைப் பழக்கியவன் நான்தான்.

அங்கேயே சொன்னேன். சிலேட்டு இல்லாமல், வாயால். பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று. கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். நான் பல்லைக் காட்டவில்லை. மூன்று தடவை சொன்ன பிறகு இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். வேண்டுமென்றே விடவில்லை, முதலில் கை தூக்கியவன் நான், என் பேச்சால் வந்த சண்டை என்று எல்லாம் அதில் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் அப்பா என்னை அறைந்தார். உடைந்த பக்கம் பார்த்து விலக்கி, மறு கன்னத்தில்.

கிளம்பும்போது ஒரு கான்ஸ்டபிள், "விட்ட கைதானே? அதை அன்னைக்கே நல்லா கவனிச்சு அனுப்பினோம். மூணு விரல் ஒடிஞ்சுது" என்றான், ஏதோ எனக்கு உபகாரம் செய்தவன் போல. உன் எழுத்து ஏன் கோணல் என்று அப்போதுதான் புரிந்தது. இடது கையால் எழுதியிருக்கிறாய். நான் அதைக் கோழி கிளறியது என்றேன். நீ அதை ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அப்போது நான் நம்பியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம். அந்தக் கான்ஸ்டபிள் சொன்னதையும் தேதி போட்டு எழுதி உன் வக்கீலுக்கு அனுப்பியிருக்கிறேன். எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்வேன்.

மன்னித்துவிடு என்று நாலு தடவை எழுதி நாலு தடவையும் அடித்துவிட்டேன். அது உன் விரலை ஒட்டவைக்காது.

பதினான்காம் தேதி காலை பத்து மணிக்குச் சத்திரத்தில், துறையூர் பஸ் நிற்கிற இடத்தில் நிற்பேன். காலேஜ் முதல்வரிடம் உன்னோடு போய்ப் பேச வேண்டும். வா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வந்தால் தூரத்திலிருந்து கை தூக்காதே, நானும் தூக்க மாட்டேன். பேர் சொல்லிக் கூப்பிடு. உங்கள் அப்பா கூப்பிட்ட மாதிரி, சத்திரம் முழுக்கக் கேட்கும்படி.

உன் கூட்டாளி,
முரளி