அடைக்கூடை ஆணி

அன்புள்ள அம்மாவுக்கு, பொன்செல்வி வணங்கி எழுதுவது. சங்கரன்கோவிலில் மழை உண்டா? உன் முட்டுவலி தேவலையா? ஹைதராபாத்தில் எனக்கு ஒரு குறையுமில்லை.

பிள்ளையில்லாதவர்களின் கருக்களை எங்கள் லேபில் முப்பத்தேழு டிகிரிப் பெட்டிகளில் வளர்க்கிறோம் என்றேனே. அரை டிகிரி குறைந்தாலும் வளர்ச்சி தடுமாறும். நேற்று இடியில் கரண்ட் போனது, ஜெனரேட்டரும் ஓடவில்லை. எல்லாப் பெட்டியும் குளிர்ந்தது. ஒன்று மட்டும் குளிரவில்லை. அதன்மேல் கரித்துண்டும் வளைந்த ஆணியும் இருந்தன. யாரும் வைக்கவில்லையாம். "இடி கேட்டா முட்டை கூமுட்டையாப் போயிரும்ட்டி" என்று நீ அடைக்கோழிக் கூடையில் கரியும் ஆணியும் போடுவாயே, அதே மாதிரி. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆணி வெதுவெதுவென்று இருந்தது, நம் அடைக்கோழியின் நிறத்தில் ஒரு செவலை இறகும் ஒட்டியிருந்தது.

பருப்புப்பொடி கொடுத்துவிடு. தனியாகச் சமைக்கப் பிடிக்கவில்லை.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. நம் கூடைக்குள் கைவிட்டு, அந்த ஆணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்.

பொன்செல்வி