செவ்வாய் வெள்ளிக் கட்டில்

2024 மே 14

இன்றும் வவுனியா. விடியமுன் எங்கள் ஊர் அரிப்பில் பஸ் ஏறி, சிறுநீரகம் கைவிட்டதால் மெசினில் இரத்தம் சுத்திகரித்து, வீடு வந்து சேர இருட்டிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் இப்படித்தான். மறிச்சுக்கட்டியிலிருந்து அதே பஸ்ஸில் வரும் றாபியா பாதி வழியில் இறங்கிவிடுவாள். அங்கே, எங்களுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க இருப்பது நாலே கட்டில்; அதில் ஒன்று அவளுக்கு. என் பெயர் இன்னும் காத்திருப்பவர் பட்டியலில். அவள் இறங்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. நல்ல மனுசி. இருந்தாலும் எரிகிறது.

மே 17

பஸ்ஸுக்குள் வாந்தி. எழுத ஏலாது.

மே 29

என் மனுசன் பெனடிக்ற் என்னைத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை முதலில் கேட்டது, "காப்புறுதி இருக்கா அன்ரி?"

"கடலுக்குப் போறவனுக்கு ஆர் தங்கச்சி காப்புறுதி தாறது?" என்று இவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். திரும்பி வந்துவிட்டோம்.

ஜூன் 11

றாபியாவின் ஆஸ்பத்திரியில் புது மெசின் ஒன்று பொலித்தீன்கூடப் பிரிக்காமல் நிற்கிறதாம். வெளிநாட்டிலிருக்கும் எங்கள் ஆட்கள் அனுப்பியது. அதை இயக்கத் தெரிந்த தாதி இல்லையாம். "வாங்க, போய்க் கேப்பம்" என்றாள் றாபியா.

"உங்களுக்குத்தான் இடம் இருக்கே. நீங்கள் ஏன் அலையிறீங்கள்?"

"நீங்க தலையச் சாச்சிக்கிட்டுப் போறதப் பாத்துக்கிட்டு நான் எப்படி இறங்கிறது?"

வெட்கமாகப் போய்விட்டது.

ஜூன் 20

சுகாதார அதிகாரியின் கந்தோர். நாங்கள் இருவரும் இன்னும் சில குடும்பங்களும். றாபியாதான் பேசினாள், கதிரையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க. "மெசின் இருக்கு, ஆக்களும் இருக்கிறம் சேர். ஒரு தாதிய மட்டும் தாங்க."

அதிகாரி அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன் அம்மா. வாற தாதிமார் நிக்கினம் இல்லை. வெளிநாட்டுக்குப் போகினம்."

கோபப்படுவதற்குக்கூட ஆளில்லை.

ஜூலை 9

தாதி இன்னும் இல்லை.

ஆகஸ்ட் 15

மடு மாதா கோயில் திருவிழா. பெனடிக்ற் தனியப் போய் வந்தார். மாதாவிடம் என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 27

மெசினை லொறியில் ஏற்றி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே தாதி இருக்கிறாராம். சரிதானே? அங்கேயும் யாரோ என்னைப்போல அலைந்துகொண்டுதானே இருப்பார்கள்? சரிதான். எண்டாலும் அழுதனான். இனி ஆரிட்டப் போய்க் கேக்கிறது? என்னத்தைக் கேக்கிறது?

றாபியா அழவில்லை. "திரும்பவும் கந்தோருக்குப் போவம்" என்றாள். அவளுடைய கால் வீங்கி, செருப்பு ஏறவில்லை.

செப்டெம்பர் 24

றாபியா பஸ்ஸில் இல்லை.

செப்டெம்பர் 27

இன்றும் இல்லை. அவளுடைய போன் வேலை செய்யவில்லை.

செப்டெம்பர் 30

காலையில் பக்கத்து ஆஸ்பத்திரித் தாதி போனில் பேசினாள். "எடித் அம்மாவோ? ஒரு கட்டில் காலியா இருக்கு. செவ்வாய், வெள்ளி. வாறீங்களோ?"

எப்படிக் காலியானது என்று நான் கேட்கவில்லை. "ஓம், வாறன்" என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"மாதா என்ர மன்றாட்டைக் கேட்டிட்டா" என்று பெனடிக்ற் அழுதார்.

பின்னேரம் றாபியாவின் கணவர் றமீஸ் போனில் பேசினார். "என்ட மனுசி வியாழக்கிழம மௌத்தாகிட்டா தங்கச்சி." றாபியா செத்து நாலு நாள்.

அக்டோபர் 3

மறிச்சுக்கட்டிக்குப் போய் வந்தோம். றமீஸ் எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார். கட்டிலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அக்டோபர் 8

றாபியாவின் ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில். பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மீன் வாங்கி நானே சமைத்தேன். பெனடிக்ற் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

காலையில் பஸ்ஸில் புதிதாக ஒரு பொம்பிளைப் பிள்ளை என் பக்கத்தில் இருந்தது. முகம் ஊதியிருந்தது. இரத்தம் சுத்திகரிக்க வவுனியாவுக்குப் போகிறதாம். நான் ஆஸ்பத்திரியடியில் இறங்க எழும்பியபோது கேட்டது, "அக்கா, இங்க எனக்கும் ஒரு இடம் எப்ப கிடைக்கும்?"

"தெரியாது தங்கச்சி" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.