மன்னர் ஒரு விரல், காவலன் ஒன்பது விரல்

வளம் பெருகுக. மஞ்சு தவழும் பதினெட்டுக் குன்றுக்கும் உரியவரும், கேளாமலே தேனும் மிளகும் திறையாக வந்து குவியும் பேறுடையவரும், சொன்ன சொல்லைத் திருப்பி வாங்காதவருமாகிய மஞ்சாடுமலை நாட்டு அரசி நறுங்கோதையார் திருமுன், அலைகடல் மூன்று புறமும் காவல் நிற்கும் ஆழிமுனை நாட்டு வேந்தர் நெய்தலங்கோ திருவாய் மொழிந்தருள, அவருடைய ஓலைநாயகம் கண்ணந்தை பணிந்து எழுதிவிடுத்த ஓலை. தங்கள் மலையில் மழை பிழையாது பெய்க, சுனைகள் வற்றாதிருக்க, தங்கள் யானைகள் இவ்வோலை கொண்டுவரும் தூதனை மிதியாதிருக்க.

மணப்பேச்சின் பொருட்டு மூன்று நாட்டார் தங்களுக்கு அனுப்பிய அரண்மனைச் சித்திரங்களில் மன்னர் மலைபோலவும், மண்டபம் அவர் மடியில் வைத்த வெற்றிலைப்பெட்டி போலவும் இருந்தமையால் அவற்றைத் திருப்பியனுப்பியதாகத் தாங்கள் எழுதியிருந்தீர்கள். ஆழிமுனையாராவது தம் அரசவை மண்டபத்தை, அதன் வாசலில் வந்து நிற்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே வரைந்து ஐப்பசி முடியுமுன் அனுப்பினால் மேற்கொண்டு பேசலாம் என்றும் அருளியிருந்தீர்கள். சித்திரம் இவ்வோலையுடன் வருகிறது. பதினோரு நாள் தாமதமாக வருகிறது. அந்தப் பதினோரு நாளில் நடந்ததை ஒளியாமல் எழுதுமாறு மன்னர் ஆணையிட்டமையால், கண்ணந்தை வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு எழுதுகிறார்.

எங்கள் நாட்டில் சித்திரம் என்பது கண்ணுக்கு விருந்து மட்டுமன்று, அதுவே சட்டமும் ஆகும். அரசவையில் மாட்டிய சித்திரத்தில் மன்னர் எட்டு விரல் உயரம் இருப்பார். அமைச்சர் நான்கு விரல். வாயிற்காவலன் அரை விரல். யார் முன்னே நடப்பது, யாருக்கு முதல் மாலை என்று பூசல் எழுந்தால் சித்திரத்தின்மேல் விரலை வைத்து அளந்து தீர்த்துக்கொள்வது முன்னோர் வகுத்த முறை. சென்ற ஆண்டு யானைப்பாகர் தலைவரை அரை விரல் கூட்டி வரைந்தபோது அவர் வீட்டில் மூன்று நாள் விருந்து நடந்தது. கண்ணந்தை பதினாறு ஆண்டாக நான்கு விரலிலேயே நிற்கிறார் என்பதையும் இடையே ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறார்.

சித்திரப் பணி நுண்கோல் சாத்தியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. நாற்பதைக் கடந்த பெண்மணி, குள்ளமான உருவம், இடுப்பில் எந்நேரமும் ஒரு நூற்கண்டு. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் சிடுசிடுப்பார். இருபது ஆண்டாக விரல் அளந்து விரல் அளந்து வரைந்ததில் அவருக்கு அலுத்துப்போயிருந்தது. வாசலில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதுபோல் என்று தங்கள் ஓலையில் படித்ததும் அவர் முகம் மலர்ந்ததைக் கண்ணந்தை அருகிருந்து கண்டார். யாராவது கேட்க வேண்டும் என்று இத்தனை காலம் காத்திருந்த கேள்வியைக் கடைசியில் ஒருவர் கேட்டுவிட்டார் என்று அன்று அவர் தம் வீட்டில் சொன்னாராம்.

மறுநாள் காலை கீழ்வாசலில், சீலை ஒட்டிய பலகையை நிறுத்தினார். மண்டபத்தின் எதிர்ச்சுவரை முதலில் ஒரு சிறு கட்டமாகப் பலகையின் நடுவில் வரைந்தார். அது நேர் எதிரே நிற்பதால் அதில் சாய்வு ஏதும் இல்லை. பிறகு தம் கண் நிற்கும் உயரம் எதுவோ, அதற்கு நேராக அந்தக் கட்டத்துக்குள் ஓர் ஆணி அடித்தார். ஆணியில் கரி தடவிய நூலைக் கட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கரிக்கோடு விழச் செய்தார். தரையின் ஓரம், உத்தரத்தின் ஓரம், தூண்களின் தலை, தூண்களின் அடி, பாவிய கற்களின் வரி என்று வாசலிலிருந்து உள்ளே ஓடும் கோடு எதுவானாலும் அந்த ஒற்றை ஆணியிலேயே போய்ச் சேர்ந்தது. கண்ணுக்கு மேலே இருந்தவை இறங்கி வந்தன, கீழே இருந்தவை ஏறி வந்தன. தூண்கள் போகப் போகக் குட்டையாகி நெருங்கின. ஒன்பதாம் நாள் அரண்மனைப் பூனை அந்த மண்டபத்துக்குள் நுழையப் பார்த்து, மூக்கில் அடிபட்டுத் திரும்பியது.

மண்டபம் முடிந்ததும் அதற்குள் ஆட்களை நிறுத்தினார். அங்கேதான் வம்பு தொடங்கியது. வாசலை ஒட்டி நிற்கும் வாயிற்காவலன் கொற்றன், மீசையின் மயிர் எண்ணுமளவுக்கு ஒன்பது விரல் உயரம் வந்தான். மண்டபத்தின் மறுகோடியில் முழ உயரமான ஏழு படிக்கு மேல் வீற்றிருக்கும் மன்னர், மணிமுடியும் சேர்த்து ஒரே ஒரு விரல். கண்ணந்தை மூன்றாம் தூணுக்குப் பின்னால் நிற்பது வழக்கமாதலால் அவருடைய மூக்கு மட்டும் அகப்பட்டது.

சித்திரத்தைச் சபையில் மாட்டினார்கள். விரல் வரிசையைக் காக்கும் அதிகாரியான வரிசைநாயகம் அம்பலக்கூத்தர் எழுந்து வந்து மன்னர்மேல் விரலை வைத்தார், மன்னரைக் காணவில்லை. விரலை எடுத்தார், மன்னர் இருந்தார். மீண்டும் வைத்துப் பார்த்து வியர்த்துப்போனார். அம்பலக்கூத்தர் கெட்டவரல்லர்; சட்டத்தைத் தம் மனைவி மக்களைவிட நன்றாக அறிந்தவர், அவ்வளவே. மன்னரின் விரலைக் குறைத்து வரைந்தவர் எவராயினும் அவருடைய தூரிகையைச் சபை நடுவே முறிக்க வேண்டும், அதன்பின் அவர் தம் வீட்டு வாசலில் கோலம்கூடப் போடலாகாது, அந்தச் சித்திரத்தையும் எரித்துவிட வேண்டும் என்று விதியை எடுத்துரைத்தார்.

 சாத்தியாருக்கு வேறு தொழில் தெரியாது, வேறு ஆசையும் கிடையாது. மன்னிப்புக் கேட்டு, பழைய முறைப்படி ஒரு சித்திரம் எழுதிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் காதோடு சொன்னார்கள். தூரிகை பிழைக்கும்தான். ஆனால் அதைத் தாங்களும் நான்காவது சித்திரமாகத் திருப்பியனுப்புவீர்கள், கண்ணால் கண்டதைக் கை மறுத்தது என்று தமக்கும் காலமெல்லாம் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்தார். ஆகவே மண்டபம் எப்படியோ சித்திரமும் அப்படியே என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்பார்கள்; சபையில் பாதிப்பேருக்கு எரிந்தது.

இந்த வழக்கை யார் தீர்ப்பது என்று கேட்டபோது கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. சபையில் மாட்டியிருக்கும் சித்திரத்தில் எவர் மிகப் பெரியவரோ அவரே தீர்ப்புரைக்க வேண்டும் என்பது சட்டம். சித்திரம் மாட்டியாயிற்று. பெரியவன் கொற்றன். சித்திரத்தைக் கழற்றிவிடலாம் என்றார் படைத்தலைவர். கழற்றச் சொல்லும் உரிமையும் சித்திரத்தில் பெரியவருக்கே உண்டு என்று அம்பலக்கூத்தர் கண்ணீர் மல்கச் சட்டத்தைக் காட்டினார். இதைத் திருப்பித் திருப்பிப் பேசியதில்தான் பதினோரு நாள் கழிந்தது. அந்நாட்களில் காலைதோறும் முதல் மாலை கொற்றன் கழுத்தில் விழுந்தது. அவன் மனைவி குளத்துக்குப் போனால் அமைச்சர் வீட்டுப் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டனர். வேண்டாமென்று அந்த அம்மையாரும் சொல்லவில்லை. சாத்தியாரோ நாள்தோறும் தூரிகைகளைக் கழுவித் துடைத்து, உறையில் இட்டு, மறுநாள் மீண்டும் எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் கொற்றனைத் தீர்ப்புரைக்கச் சொன்னார்கள். வாசலில் நின்றபடியே அவன் பேசினான். தனக்குச் சித்திரமும் தெரியாது, சட்டமும் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக இந்த இடத்தில் நிற்பது மட்டும் தெரியும் என்றான். நிற்கிறவனுக்குப் பொழுது போக வேண்டாமா, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கினால் மன்னரும் ஆசனமும் ஏழு படியும் அதற்குள் ஒளிந்துகொள்ளும், அதைத் தினமும் பார்க்கிறேன், அம்மா எழுதியதும் அதே அளவுதான், ஒரு நெல்மணி கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை என்றான். இதைப் பொய்யென்று சொல்லிவிட்டு நாளைக்கு எந்தக் கண்ணோடு இங்கே நிற்பேன் என்றும் கேட்டான்.

மன்னரைத் தினமும் கட்டைவிரலால் மறைத்து விளையாடுவதாக ஒருவன் மன்னர் முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டுவிட்டான். சாத்தியார் தம் வழக்கை மறந்து அவனுக்காகப் பயந்தார். அம்பலக்கூத்தர் எழுந்து, சித்திரம் உண்மையா பொய்யா என்பது வழக்கே அன்று, விரல் குறைந்ததா இல்லையா என்பதே வழக்கு. தீர்ப்பு எதுவாயினும் மன்னர் ஒப்பினால்தான் செல்லும் என்றார். எல்லாக் கண்களும் அரியணைப் பக்கம் திரும்பின.

மன்னர் எழுந்தார். ஏழு படியும் இறங்கினார். எங்கள் மன்னர் தம் ஆசனத்துக்குப் பின்னுள்ள சிறு கதவு வழியாக வந்து அவ்வழியே போகிறவர். முடிசூடிய நாளிலிருந்து கீழ்வாசலை அவர் மிதித்ததில்லை. தூண் தூணாகக் கடந்து வாசல் வரை வந்து, கொற்றன் பக்கத்தில் நின்று, திரும்பி, ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலைத் தூக்கினார். அவர் முகத்தை அருகிலிருந்து பார்த்தவர்கள் கொற்றனும் சாத்தியாருமே. அதில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. யாம் இவ்வளவு தொலைவிலா இருக்கிறோம் என்று கேட்டார். ஒன்பது விரல் தந்த துணிச்சலில் கொற்றன், ஆமாம் சாமி, அங்கே பேசுவது ஒன்றும் இங்கே கேட்காது, எல்லாரும் கைதட்டினால் நானும் தட்டுவேன் என்றான்.

மன்னர் சிரித்துவிட்டார். அதன்பிறகே மற்றவர்கள் மூச்சு விட்டார்கள்.

பிறகு அவர் சித்திரத்தின் முன் வந்து, கோடுகள் எல்லாம் ஓடிச் சேரும் ஆணித்துளையைக் காட்டி, இது எம் நெஞ்சில் இல்லாமல் காலடியில் மூன்றாம் படியில் இருப்பதேன் என்று வினவினார். சாத்தியார் தயங்கவில்லை. அந்த ஆணி வீற்றிருப்பவருக்கு உரியதன்று, வாசலில் நின்று பார்ப்பவருக்கு உரியது. பார்ப்பவர் கண் எந்த உயரமோ ஆணியும் அந்த உயரம். மண்டபம் முழுதும் வந்தவரின் கண்ணுக்குத்தான் வணங்குகிறது என்றார். ஆணியை மன்னர் நெஞ்சுக்கு நேராக ஏற்றிவிட்டால் குற்றம் தீருமே என்று அம்பலக்கூத்தர் சமாதானம் சொன்னார். ஏற்றலாம், ஆனால் அந்தச் சித்திரம் மலைநாட்டு அரசியார் வௌவாலைப் போல் உத்தரத்தில் தொங்கிக்கொண்டு பார்ப்பது போலிருக்கும் என்றார் சாத்தியார். அப்படியானால் அரசியார் வருகையில் வாசலில் ஓர் ஏணி போடலாமா என்று அம்பலக்கூத்தர் மெய்யாகவே ஆலோசித்தார்.

மன்னர் கையமர்த்தினார். சித்திரத்தில் ஆணியை ஏற்ற வேண்டாம், மண்டபத்தில் எம்மை இறக்குக என்றார். சாத்தியாரின் தூரிகை அவரிடமே இருக்கும். சித்திரம் ஒரு கோடும் மாறாமல் மலைக்குப் போகும். வாசலில் வந்து நிற்கும் அரசியாரின் கண்ணும், வீற்றிருக்கும் எம் கண்ணும் ஒரே மட்டத்தில் அமையுமாறு படிகளை வெட்டி எடுக்க வேண்டும். ஆசனமும் மூன்றாம் தூண் வரை முன்னே வரவேண்டும் என்று ஆணையிட்டார். விரல் வரிசைச் சட்டம் அம்பலக்கூத்தர் புதிதாக எழுதி முடிக்கும்வரை நிறுத்தி வைக்கப்பட்டது. சாத்தியார் அழுதார். புழுதி கண்ணில் விழுந்தது என்று பிற்பாடு கண்ணந்தையிடம் சாதித்தார்.

இனி இவ்வோலையின் கருமம். ஏழு படியில் எத்தனை போகும், எத்தனை நிற்கும் என்பது தங்கள் கண்ணின் உயரத்தைப் பொறுத்தது. அதை எங்களில் எவரும் அறியோம். தங்களை நேரில் கண்டு வந்த தூதரைக் கேட்டால் அரசியார் வானளாவியவர் என்கிறார். அதை வைத்துக்கொண்டு கொத்தர் வேலை செய்ய இயலாது. இப்போதைய சித்திரம் சாத்தியாரின் கண் உயரத்துக்கு எழுதப்பட்டதாகையால், தாங்கள் அவரினும் உயரமாயின் சற்றுக் குனிந்தும், குட்டையாயின் ஒரு மணைமேல் ஏறியும் பார்த்தருள வேண்டுகிறோம். காலணி இன்றிச் சமதரையில் நிமிர்ந்து நின்று, தரையிலிருந்து கண் வரை ஒரு நூல் பிடித்து, அதை முடிச்சிட்டு இத்தூதன் வசம் அனுப்பியருள்க. அளப்பவர் பக்தியினால் ஒரு விரலும் கூட்டாதிருக்கத் தாங்களே பார்த்துக்கொள்க. தாமதத்தைப் பொறுத்தருள்க, சித்திரம் பிடிக்காதாயின் அதைத் திருப்பியனுப்புவதும் தங்கள் உரிமையே.

ஓலைக்கு ஈற்றில் ஆணை வேண்டும் என்பது மரபு. ஆணை எங்கள் கொத்தருக்கு: நூல் வந்து சேரும்வரை ஒரு படியிலும் உளி படாதிருக்க. தங்களுக்கு விண்ணப்பம் அன்றி வேறில்லை. கார்த்திகை பன்னிரண்டாம் நாள், மன்னர் மொழிய, சாத்தியார் உடனிருந்து தவறு திருத்த, ஓலைநாயகம் கண்ணந்தை எழுத்து. வலம்புரி முத்திரை வைத்தது. குன்றும் கடலும் உள்ளளவும் இச்சொல் நிற்க.

முத்திரைக்குக் கீழே மன்னர் தம் கைப்பட எழுதியது: வாசலில் நின்று பார்த்தபோது எம் ஆசனம் வெறுமையாய் இருந்தது. அவ்வளவு தூரத்தில் அமர்ந்துகொண்டு யாரோடு பேசிக்கொண்டிருந்தோம் என்று விளங்கவில்லை. தாங்கள் அந்த வாசலில் நின்று எதுவும் சொன்னால் அது எம் காதில் விழ வேண்டும். நூலை விரைந்து அனுப்புக. கொத்தர்கள் காத்திருக்கின்றனர். யாமும்.