அக்காவின் கார்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கம்பளி வந்து சேர்ந்தது. உன் அம்மா போர்த்திக்கொண்ட கையோடு ஓரத் தையலை இழுத்துப் பார்த்து, "ஒரு இஞ்சுக்கு ஆறு தையல்கூட இல்ல, எந்த லைன்ல ஓட்டுனாங்களோ" என்று குறை சொன்னாள். வாய் மட்டும் பழையபடி இருக்கிறது.

அவளுக்கு ரத்தக்குறைவு என்று போனில் சொன்னது பொய். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். மூத்திரப்பை வரை பரவிவிட்டது. ஒரு சிறுநீரகம் அடைபட்டு வீங்கியிருக்கிறது. இடது கால் தூண் மாதிரி ஆகிவிட்டது. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்கிறார் பெரிய டாக்டர்.

இவ்வளவு தூரம் தெரியாமலா இருந்தது என்று கேட்பாய். ஐந்து வருடத்துக்கு முன் எங்கள் தையல் தொழிற்சாலைக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை வண்டி வந்தது. எல்லாப் பெண்களின் பெயருக்கு எதிரிலும் டிக் வேண்டும் என்று சட்டை வாங்கும் கம்பெனி கேட்டிருந்ததாம். அன்று சாயங்காலமே சரக்கு லாரி ஏறவும் வேண்டும். சூப்பர்வைசரைக் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவோம். அவன் லைன் லீடரான அம்மாவை எழுந்திருக்க விடவில்லை. லிஸ்டில் ஆள் குறையக் கூடாது என்றும் சொன்னான். அம்மா தன் பெயர் போட்ட கார்டைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். "ஒரே வயித்துல பொறந்தவதானே, எனக்கும் சேத்து நீயே காட்டிட்டு வாடி" என்றாள். லைனே சிரித்தது. நானும்தான். காலையில் என் பெயரில் ஒரு நர்ஸிடம் படுத்தேன். மதியம் அவள் பெயரில் வேறொரு நர்ஸிடம்.

குறையில்லை என்று இரண்டு தாள் வந்தது. இரண்டும் என் உடம்பு.

இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காதாம். ஒரு கிருமி தொற்றி, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்து, உள்ளே செல்களை மெல்ல மாற்றுமாம். அந்த நிலையிலேயே பார்த்திருந்தால் சின்ன சிகிச்சையோடு முடிந்திருக்கும் என்று இங்குள்ள ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள்.

இரண்டு வருடம் முன்பு நாள் தவறி ரத்தம் பட ஆரம்பித்தது. "நிக்கிற வயசுதானே" என்றாள் அம்மா. தொழிற்சாலை டாக்டரிடம் இழுத்துப் போனேன். அவர் அவளைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று சத்து மாத்திரை எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சொன்னால் இரண்டு பேர் வேலையும் போகும். வாயைத் திறக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை போனோம். அப்போதும் திறக்கவில்லை. முழு லிஸ்டுக்காகக் கடிகாரத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். இன்னும் அவன் மேஜையில் இருக்கிறது.

இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். "எனக்கப்புறம் அவளுக்கு நீ ஒருத்திதாண்டி. அதையும் கெடுத்துக்காத" என்றாள்.

ஆனால் போன வாரம் போனில் நீ என்ன சொன்னாய்? உங்கள் தொழிற்சாலைக்கும் வண்டி வருகிறது, அன்று ஷிப்ட் இருப்பதால் அறைத்தோழியிடம் கார்டைக் கொடுத்துவிட்டேன் என்றாய். அம்மா மாதிரியே சிரித்தாய்.

கார்டைத் திரும்ப வாங்கு. உன் உடம்பை நீயே கொண்டுபோய்க் காட்டு. பிறகு ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கிளம்பி வா. வாசலில் நான் நின்றால் பேச வேண்டாம், நேரே அவளிடம் போ. இதைப் படித்த பிறகு என்னை எப்படிக் கூப்பிடுவாயோ, அது உன் இஷ்டம். நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அம்மாவின் தங்கை