திருப்பி வாங்கிய ஹெல்மெட்டுகள்

வத்தேகம, செவ்வாய் இரவு

எனக்கு எழுத வராது. மகன் தூங்கிய பிறகு போனில் மெதுவாகச் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

மகன் சிவா கண்டியில் ஒரு பட்டறையில் வெல்டர். இன்று அவனுக்குச் சோறு கொண்டுபோனேன். அங்கே ஒரு கம்பெனிக்காரர் நின்றார். ஆழ்கடலில் மிதக்கும் காற்றாலை கட்டப்போகிறார்களாம். இந்தப் பக்கத்தில் அதற்கு வெல்டிங் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்கிறாராம். எல்லாருக்கும் புது ஹெல்மெட் மாட்டிப் படம் எடுத்தார். எடுத்த கையோடு ஹெல்மெட்டுகளைத் திருப்பி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

"வேல எந்தக் கடல்ல சேர்?" என்று கேட்டேன்.

"அது இன்னும் முடிவாகல்ல ஐயா" என்று சிரித்தார்.

என் இளவயதில் இந்தப் பக்கம் அணை கட்டிய காலத்திலும் எங்களை இப்படித்தான் வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கடைசியில் வெல்டிங் வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள். நாங்கள் சீமெந்து சுமந்தோம்.

சிவாவோ அந்தக் கம்பெனிக்காரரை நம்பி, மாதக் கடைசியோடு வேலையை விட்டு நிற்பதாகப் பட்டறை முதலாளியிடம் சொல்லிவிட்டான். கேட்டால், "ஒங்களுக்குச் சோத்தப் பாத்தாலும் சந்தேகம்ப்பா" என்கிறான்.

மெய்யாகவே வேலை வந்தால் நல்லதுதான். ஆனாலும் காலையில் அவன் எழும்புமுன் பஸ் ஏறி, முதலாளியிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டு வர வேண்டும்: "அவன் எடத்துக்கு ஒடனே வேற ஆள் போட்டுறாதீங்க."