பள்ளிக்கூடத்துக் கிணறு

மார்ச் 2, 1931. திங்கள்
முப்பத்தொரு பிள்ளைகளில் பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். அவர்களிலும் நான்கு பேர் பாடத்தின் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரப்பர் மரங்களுக்குள் ஓடினார்கள். பள்ளிக்கூடத்துக்கென்று கக்கூஸ் கிடையாது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சுப்பையாவிடம் சொன்னேன். "கண்டதத் தின்னா போகத்தான் செய்யும், வாத்தியாரே" என்றார். இருக்கலாம். எனக்கென்னவோ மனம் ஒப்பவில்லை.

மார்ச் 5
தனம் இறந்துவிட்டாள். ஏழு வயது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அதே வயிற்றுப்போக்குதான். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போயிருந்த தாய் மீனாட்சி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மார்ச் 6
தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் காஜா மொய்தீன் வந்து பள்ளிக்கூடத்தைச் சுற்றி நடந்தார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கக்கூஸ் குழிகள் மேட்டில் இருக்கின்றன. அதற்கு நேர் கீழே, முப்பது தப்படி தூரத்தில், எங்கள் கிணறு. "மழ பேஞ்சா அதெல்லாம் எங்க போவும், நூரு?" என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

வாய்க்காலில் குடிக்காதீர்கள், கிணற்றில் குடியுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். தனம் என் பேச்சைத் தட்டாதவள். யா அல்லாஹ், நான் என்ன செய்துவிட்டேன்?

மார்ச் 9
கிணற்றின் மேல் பலகை போட்டு ஆணி அடித்தேன். அங்கே தண்ணீர் எடுக்கும் லயத்துப் பெண்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "வாய்க்காலும் வேணாம், கெணறும் வேணாம்னா எதத்தான் குடிக்கிறது?" காய்ச்சிக் குடியுங்கள் என்றேன். "விடியுமுன்ன பெரட்டுல பேர் குடுக்க ஓடுறோம். வெறகு எப்பப் பொறுக்குறது, நீங்க வந்து பொறுக்குறீங்களா?"

ரப்பர் விலை விழுந்ததிலிருந்து ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புகிறார்கள். கிராணி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கப்பல் லிஸ்டு எழுதுறது நான்தான். ஞாபகம் இருக்கட்டும்."

மார்ச் 11
பலகையை யாரோ பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

மார்ச் 13. வெள்ளி
டிரெசர் கொதிக்க வைத்துக் கொடுத்த பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, ஈரத்துணி சுற்றி, பிறை ஸ்டேஷன் வரை ரயிலிலும் அப்புறம் படகிலும் மடியிலேயே வைத்துக் கொண்டுபோனேன். பினாங்குச் சுகாதார ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள். பரிசோதனை முடிவு தபாலில் வருமாம்.

சூலியா தெருவில் நானா, என் அண்ணன், வைத்திருக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். "ஒனக்கெதுக்குடா இந்த வம்பு? அந்தக் காட்ட வுட்டுட்டு இங்க வந்துரு" என்றார். அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. மேசை துடைக்கவும் அதே தண்ணீர்தான். பார்த்துக்கொண்டே நின்றேன்.

மார்ச் 20
கடிதம் இல்லை. தண்ணீர் நல்லதென்று வந்தால் என் வேலை போகும். கெட்டதென்று வந்தால்—? எது வரவேண்டும் என்று அல்லாஹ்விடம் துஆ செய்வது?

மார்ச் 24
வந்தது. மலக்கிருமி கலந்திருக்கிறது, குடிக்க உதவாது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். சுகாதார அதிகாரி நேரில் வருவதாக அடியில் எழுதியிருந்ததே, அதைத்தான் திரும்பப் படித்தார் என்று நினைக்கிறேன்.

மாலை மீனாட்சி வீட்டுக்குப் போனேன். அந்தக் கிணற்றில் குடிக்கச் சொன்னவன் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவள் நேராகக் கேட்டாள்: "நீங்க குடிச்சீங்களா அத?"

"தெனம் குடிச்சேன்மா."

"சின்னவன் இருக்கான். அவனுக்கு எந்தத் தண்ணியக் குடுக்கிறது? அதச் சொல்லுங்க மொதல்ல."

மார்ச் 25
பள்ளிக்கூடத்து அடுப்பில் நானே தண்ணீர் காய்ச்சினேன். விறகு நனைந்திருந்தது. ஒரே புகை. மூன்று பேர் குடித்தார்கள்.

மே 18
அதிகாரி வந்துபோன பிறகு காரியம் நடக்கிறது. லயத்துக்கு மேலே புதுக் கிணறு, சுற்றுச்சுவரும் மூடியும் வைத்து. பிள்ளைகளுக்குத் தகரக் கூரை போட்ட இரண்டு கக்கூஸ். உள்ளே பாம்பு இருக்குமென்று பயந்து பாதிப் பேர் இன்னும் மரங்களுக்குள்தான் ஓடுகிறார்கள். அடுத்த கப்பல் லிஸ்டில் என் பெயர் இருக்கிறதா என்று கேட்கத் துணிவில்லை.

ஜூலை 6
பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் காய்ச்ச ஓர் ஆளைத் துரை ஒதுக்கினார். அந்த வேலையை மீனாட்சி தானே கேட்டு வாங்கிக்கொண்டாளாம். கை கழுவாதவர்களுக்கு அவள் குவளை தருவதில்லை. இன்று கிராணி தாகமென்று வந்தார். "கையக் காட்டுங்க" என்றாள். சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. போய்க் கழுவிவிட்டு வந்தார்.

அடுத்து நான். இரண்டு கைகளையும் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மொண்டு கொடுத்தாள்.